துளையில் இருக்கிறது பலம்



நம் நெய்வேலியே ஒரு துளையிலிருந்து பிறந்த ஊர். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, கறுப்பாக ஒரு பொருளும் மேலே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி என்று பின்னர் தெரிந்தது. 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கம் வெட்டும் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால் நிலக்கரி எளிதில் கைக்கு வந்துவிடவில்லை. அதன் மேல் கிடந்த கடலூர் மணற்பாறை, ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களையே தேய்த்துத் தள்ளியது. பாறையில் துளையிட்டு வெடி வைத்துத் தளர்த்தவும், பற்களின் முனையில் கடின உலோகம் ஏற்றவும் கற்றுக்கொண்ட பிறகே வேலை ஓடத் தொடங்கியது. வெட்ட வேண்டிய பொருள் எதுவோ அதற்கேற்ற கருவி வேண்டும் என்ற பாடத்தை நம் ஊர்க்காரர்களுக்கு வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

இருந்தும் நம் சொந்தக் கடைக்குள் அந்தப் பாடத்தை நாம் மறந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

மூட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்து, மேசைக்குப் பின்னால் நின்று பொட்டலம் கட்டிய காலம் போய்விட்டது. பெரிய அங்காடிகள் வந்த பிறகு, வாடிக்கையாளர் தாமே எடுத்துப் பார்க்கும்படி சரக்கை அடுக்க வேண்டியிருக்கிறது. எனவே மளிகைக் கடைகளில் இரும்பு ரேக்குகள் ஏறிவிட்டன. குடோன்களிலும் அப்படியே. கல்லாப் பணத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, மாவு அரைக்கும் இயந்திரம், வாசலில் தகரச் சாய்ப்பு, ஷட்டருக்குத் தரையில் பூட்டுக் கொண்டி என்று ஒவ்வொன்றும் கான்கிரீட் தரையில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டியவை. ரேக்குக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். போல்ட்டுக்குச் சில நூறு. அந்தப் போல்ட் உட்காரும் துளைக்கோ, யார் குறைவாகக் கேட்கிறாரோ அவரைக் கூப்பிடுகிறோம். அவர் கையில் என்ன கருவி இருக்கிறது என்று நாம் பார்ப்பதே இல்லை.

நம் உறுப்பினர் ஒருவரின் குடோனில் நடந்ததைச் சொல்கிறோம். அவர் பெயர் வேண்டாம். ஏழடி உயர ரேக். மேல் தட்டில் எண்ணெய் டின்கள். கீழ்த் தட்டுகள் அன்றைக்குப் பாதி காலி. மேலே உள்ள டின்னை எடுக்க, உதவியாளர் இரண்டாம் தட்டில் கால் வைத்து ஏறி மேல் சட்டத்தைப் பிடித்தார். ரேக் முன்பக்கம் சாய்ந்தது. பின் கால்களில் இருந்த இரண்டு ஆங்கர்களும் பல்லைப் பிடுங்கினாற்போல முழுதாக வெளியே வந்துவிட்டன. இளைஞருக்குக் கை எலும்பு முறிந்தது. தலையில் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. மருத்துவச் செலவு, பல வாரங்கள் வேலையின்றிக் கொடுத்த சம்பளம், வீணான எண்ணெய் எல்லாம் சேர்ந்து ரேக்கின் விலையைத் தாண்டிவிட்டன.

போல்ட் போலி என்றுதான் எல்லாரும் முதலில் சொன்னார்கள். நாம் போய்ப் பார்த்தோம். போல்ட்டில் ஒரு குறையும் இல்லை. துளையைப் பார்த்தால் புனல்போல மேலே அகன்று கீழே குறுகி இருந்தது. உள்ளே பாதிக்குத் தூசி. துளை போட்டவர் கொண்டுவந்தது சுவருக்கு உரிய சாதாரண டிரில். அதனால் குடையத் திணறி, மெஷினை இப்படியும் அப்படியும் ஆட்டி, கடைசியில் உளியால் கொத்திப் பெரிதாக்கி, போல்ட்டைச் சுத்தியால் அடித்து இறக்கியிருக்கிறார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கருவியை வேண்டாம் என்று சொல்ல நமக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

நாம் கணக்கில் வல்லவர்கள். ஆகவே கணக்காகவே பார்ப்போம். ஒரு தட்டுக்கு எட்டு டின், டின்னுக்கு 15 கிலோ என்றால் 120 கிலோ. ஐந்து தட்டுக்கு 600 கிலோ. இவ்வளவு பாரம் இருக்கும்போது ரேக் தானே அசையாமல் நிற்கும் என்று தோன்றும். நேராக அழுத்தும் பாரத்துக்கு ஆங்கர் தேவையில்லைதான். ஆபத்து பக்கவாட்டில் இழுக்கும்போது வருகிறது.

ரேக்கின் அகலம் ஒன்றரை அடி என்று வையுங்கள். ஆறடி உயரத்தில் ஒருவர் 20 கிலோ விசையோடு முன்பக்கம் இழுத்தால், அந்த இழுப்பு பின் கால்களில் நான்கு மடங்காகி 80 கிலோவாக மேல் நோக்கித் தூக்கும். ஆறை ஒன்றரையால் வகுத்தால் நான்கு. கடப்பாரையால் கல்லை நெம்புகிற கணக்குதான் இது. கீழ்த் தட்டுகளில் சரக்கு நிறைய இருந்தால் அந்தப் பாரம் கொஞ்சம் ஈடு கொடுக்கும். மேலே நிறைந்து கீழே காலியாக இருந்தால் ஈடு கொடுக்க ஒன்றுமில்லை. மிச்சத்தைத் தாங்க வேண்டியது பின் கால் ஆங்கர். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது துளையின் சுவர்.

காற்றின் கணக்கு இதைவிடப் பெரிது. 2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் நம் கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் இல்லாமல் நாள்கணக்கில் இருளில் கிடந்தோம். காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் அதன் அழுத்தம் 65 கிலோவுக்கு மேல். கடை வாசலில் மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலத்தில் தகரச் சாய்ப்பு போட்டிருந்தால் ஏறத்தாழ 400 கிலோ. அந்தத் தகரம் பறக்காமல் நிற்பதும், பறந்து எதிர்க்கடைக்காரர் மேல் விழுவதும் தூணின் அடித்தகட்டில் உள்ள நான்கு துளைகளைப் பொறுத்தது.

முதலில் தரையைப் பாருங்கள்

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்னர் எதில் துளை போடப் போகிறோம் என்று தெரிய வேண்டும். மேலே மொசைக் அல்லது டைல்ஸ் இருக்கும். அதற்கடியில் சிமெண்ட் சாந்து ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ இருக்கும். இவை இரண்டும் ஆங்கரைத் தாங்கா. அவற்றுக்குக் கீழே உள்ள கான்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. டைல்ஸ் தரையில் இரண்டு அங்குல போல்ட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர் ஒன்றும் போடாதவருக்குச் சமம்.

பழைய கட்டடங்களில் செங்கல் ஜல்லி போட்ட தரைகளும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். ரேக் வரும் இடத்தில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதனையாக ஒரு சிறு துளை போடச் சொல்லுங்கள். வெளியே வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறமாக, மாவுபோல வந்து கொண்டேயிருந்தால் நல்ல கான்கிரீட். சிவப்பாக வந்தால் செங்கல் ஜல்லி. இரண்டு மூன்று அங்குலத்திலேயே பிட் திடீரென்று தொப்பென உள்ளே இறங்கி மணல் வந்தால், தளம் மெல்லியது, கீழே நிரப்பு மண் இருக்கிறது என்று பொருள்.

பின் சொன்ன இரண்டிலும், விரிந்து பிடிக்கும் ஆங்கரை நம்பக் கூடாது. அந்த இடத்தில் மட்டும் தரையை வெட்டி, ஓரடிக்கு ஓரடி குழி எடுத்து, நல்ல கருங்கல் ஜல்லிக் கான்கிரீட் போட்டு, அதிலேயே வளைந்த அடித்தளப் போல்ட்டைப் பதித்துவிடுவது மேல். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. புதிதாகப் போட்ட கான்கிரீட்டில் பின்னால் துளை போட்டு ஆங்கர் இறுக்குவதானால் 28 நாள் பொறுத்திருங்கள். அதுவரை தண்ணீர் ஊற்றி ஆறவிட்ட தரைதான் முழு வலிமைக்கு வரும்.

எந்தக் கருவி?

சந்தையில் நமக்குக் கிடைக்கும் கருவிகள் நான்கு வகை.

முதலாவது உளியும் சுத்தியும். நம் தாத்தா காலத்திலிருந்து வருகிறது. 1910-களில் லண்டனில் ராலிங்ஸ் என்பவர் சுவருக்குரிய பிளக்கைக் கொண்டுவந்தபோது, அதற்கும் கையால்தான் துளை போட்டார்கள். இன்றும் நாம் ராவல் பிளக் என்று சொல்லுவது அவர் பெயரால் வந்ததே. சுவரில் படம் மாட்ட உளி போதும். ஆங்கருக்குத் தேவையான, மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டமுள்ள நேர்த் துளையை உளியால் போடுவது மிக அரிது.

இரண்டாவது, வீட்டில் பலரும் வாங்கி வைத்திருக்கும் ஹேமர் டிரில். இதன் உள்ளே பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசிச் சுழன்று அதிர்வை உண்டாக்குகின்றன. நிமிடத்துக்கு நாற்பதாயிரம் தட்டு என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். அத்தனையும் சின்னத் தட்டுதான். நாம் உடல் எடையைப் போட்டு அழுத்தினால்தான் அது வேலை செய்யும். செங்கல் சுவரில் ஆறு, எட்டு மில்லிமீட்டர் பிளக் துளைக்கு இது மிக நல்ல கருவி. அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கருங்கல் ஜல்லிக் கான்கிரீட்டில் 12 மில்லிமீட்டர் துளையை நான்கு அங்குல ஆழத்துக்குப் போடச் சொன்னால், ஒரு ஜல்லியில் முட்டிக்கொண்டு சுழலும். பிட் சூடேறி நீலம் பாயும். ஆள் களைத்து மெஷினை ஆட்டத் தொடங்குவார். துளை அங்கேதான் புனலாகிறது.

மூன்றாவது ரோட்டரி ஹேமர். பார்க்க டிரில்லைப் போலவே இருப்பதால் பலரும் இரண்டும் ஒன்றென்று நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. இதில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு சுத்தியலைத் தள்ளி, அது பிட்டின் வாலில் அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். ஒவ்வோர் அடியும் ஜல்லியை உடைக்கும் அடி. நாம் மெஷினைப் பிடித்தால் போதும், அழுத்தத் தேவையில்லை. அதனால் கை ஆடுவதில்லை. துளை நேராக இறங்குகிறது. பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் துளை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1932-லேயே இவ்வகைக் கருவியைக் கொண்டுவந்தது. 1975-இல் எஸ்.டி.எஸ். என்ற பிட் பிடிப்பு வந்தது. ஜெர்மன் மொழியில் செருகு, திருகு, பொருந்திவிட்டது என்று அதற்குப் பொருள். சாவி போட்டு இறுக்கும் பழைய சக் இதில் இல்லை. பிட்டின் வாலில் உள்ள பள்ளங்களில் அது தானே பூட்டிக்கொள்ளும். ஆகவே பிட் நழுவிச் சுற்றாது.

நம் கடைகளுக்கு வேண்டியது இந்த வகைதான். அதிலும் சிறிய அளவு போதும். எஸ்.டி.எஸ். பிளஸ் பிடிப்பு, 26 மில்லிமீட்டர் வரை துளைக்கும் திறன், 700 அல்லது 800 வாட் மோட்டார், இரண்டு மூன்று கிலோ எடை. வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பிட் கான்கிரீட்டில் சிக்கினால் மெஷின் கையை முறுக்காமல் நழுவிவிடும் பாதுகாப்பு கிளட்ச் இருக்கிறதா? பக்கவாட்டுக் கைப்பிடியும் ஆழம் அளக்கும் கம்பியும் கூட வருகின்றனவா? கார்பன் பிரஷ் நம் ஊரிலோ கடலூரிலோ கிடைக்குமா? பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட்டை மட்டும் பார்த்து வாங்குவது, மூட்டையின் மேல் உள்ள படத்தைப் பார்த்து அரிசி வாங்குவதற்கு ஒப்பாகும்.

நான்காவது, தளம் உடைக்கும் பெரிய ஹேமர். சாலை வேலைக்கும் பழைய கட்டடம் இடிக்கவும் உரியது. நான்கு அங்குலத் தரையில் இதைக் கொண்டு துளையிட்டால் துளையைச் சுற்றிலும் அடியிலும் தளம் பெயர்ந்துவிடும். கொசுவை விரட்ட உலக்கை வேண்டியதில்லை.

துளை போட்டபின் செய்ய வேண்டியவை

நல்ல கருவி இருந்தும் துளை கெடுவதுண்டு. கூட நின்று பார்க்கும் முதலாளி கவனிக்க வேண்டியவை சில.

பிட்டின் விட்டம். 10 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 10 மில்லிமீட்டர் துளை என்று எண்ணிவிடக் கூடாது. ஆப்பு வகையில் போல்ட்டின் விட்டமும் துளையும் ஒன்று. உறை போட்ட வகையில், துளை அந்த உறையின் வெளி விட்டத்துக்கு இருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்து அந்த அளவுப் பிட்டையே கேளுங்கள். ஒரு மில்லிமீட்டர் பெரிதானாலும் ஆங்கர் சுற்றும்; நட்டு இறுகவே இறுகாது. முனையில் உள்ள கார்பைடு தேய்ந்துபோன பிட்டோ துளையைச் சிறிதாக்கும். அப்புறம் சுத்தியால் அடித்து மரையைக் கெடுப்பார்கள்.

ஆழம். ஆங்கர் இறங்கும் ஆழத்தைவிட அரை அங்குலம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். அடியில் தங்கும் தூசிக்கு இடம் வேண்டும்.

தூசி. நம் உறுப்பினரின் ரேக் சாய்ந்ததற்கு முக்கியமான காரணம் இதுதான். துளைக்குள் தூசி இருந்தால் ஆங்கர் கான்கிரீட்டைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும். கம்பிப் பிரஷ்ஷால் சுற்றித் தேய்த்து, காற்றுப் பம்பால் ஊதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். ரசாயனப் பசை ஊற்றிப் பதிக்கும் ஆங்கரில் இது இரட்டிப்பு முக்கியம். தூசியில் ஒட்டிய பசை எதையும் தாங்காது.

ஓரம். விரிந்து பிடிக்கும் ஆங்கர் கான்கிரீட்டைப் பக்கவாட்டில் நெட்டித் தள்ளுகிறது. படிக்கட்டு விளிம்புக்கு மிக அருகே போட்டால் விளிம்பே பிளந்துவிடும். ஷட்டரின் பூட்டுக் கொண்டி பெரும்பாலும் வாசல் விளிம்பில்தான் வருகிறது. திருடன் கடப்பாரை போட்டு நெம்புவதும் அங்கேதான். இதுபோன்ற இடத்தில் நெட்டித் தள்ளாத பசை ஆங்கரைப் போடுவதே சிறந்தது.

கம்பி. துளையிடும்போது பிட் இறங்காமல் நின்று, சத்தம் மாறி, உலோகத் துகள் வந்தால் உள்ளே கம்பி இருக்கிறது. அடித்து உடைக்கச் சொல்லாதீர்கள். இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டு, பழைய துளையைக் கடினச் சாந்தால் அடைத்துவிடுங்கள்.

அதிர்வு. மாவு மெஷின் நாள் முழுதும் ஆடும். சாதாரண நட்டு சில மாதங்களில் தளரும். மேலே ஒரு பூட்டு நட்டு போடுங்கள். மாதம் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.

மூச்சுக்கு வரும் கேடு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கான்கிரீட் தூளில் நுண்ணிய படிகச் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நாளுக்கு நாற்பது துளை போடும் தொழிலாளியின் மூச்சு அது. துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று விடாதீர்கள். முகத்தோடு ஒட்டும் நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் கொடுங்கள். இரண்டும் சேர்ந்து நம் ஒரு நாள் தேநீர்ச் செலவுதான்.

மளிகைக்காரர் என்ற முறையில் நமக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. அரிசி, மாவு, சர்க்கரை மூட்டைகளைத் திறந்து வைத்துக்கொண்டு துளை போடலாகாது. கடையை அடைத்த பின்னர், சரக்கைத் தார்ப்பாயால் மூடி, தூசி உறிஞ்சும் மெஷினைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வேலை நடக்கட்டும். ஈரத் துணியால் துடைத்த பிறகே மறுநாள் கடை திறக்க வேண்டும். மின்கசிவைத் துண்டிக்கும் கருவி வழியாகவே மெஷினுக்கு மின்சாரம் எடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டவுன்ஷிப்புக்குள் கடை வைத்திருப்போருக்கு ஒரு சொல். கட்டடம் நமக்குச் சொந்தமில்லை. வாடகைக் கடையிலும் அப்படியே. தரைக்கடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. உரியவரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிய பிறகு துளை போடுங்கள். பின்னால் வரும் வழக்கைவிட முன்னால் கொடுக்கும் ஒரு தாள் மலிவு.

நமது யோசனை

இத்தனையும் படித்துவிட்டு, ஆளுக்கொரு ரோட்டரி ஹேமர் வாங்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பதே நம் கருத்து. ஒரு மளிகைக் கடைக்கு வாழ்நாளில் இருபது துளை தேவைப்பட்டால் அதிகம். அதற்காகச் சில ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கி, பரணில் துருப்பிடிக்க விடுவது வியாபாரி செய்யும் காரியமா? செலவைப் பார்த்து மலிவுக் கருவியை வாங்கினால், மறுபடியும் புனல் துளைதான்.

ஆகவே சங்கம் ஒன்றை வாங்கி வைக்கட்டும். நல்ல நிறுவனத்தின் ஒரு ரோட்டரி ஹேமர். ஆறு முதல் பதினாறு மில்லிமீட்டர் வரை பிட்டுகள். பிரஷ், காற்றுப் பம்பு, முகக்கவசம், கண்ணாடி, பாதுகாப்பான மின் நீட்டிப்பு. இவை ஒரு பெட்டியில். உறுப்பினருக்கு நாள் வாடகை சிறு தொகை. அந்தத் தொகையிலேயே பிட்டும் பிரஷ்ஷும் மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கு ஆட்சேபங்கள் வரும் என்று நமக்குத் தெரியும். பொதுக் கருவி ஆறு மாதத்தில் கெட்டுவிடும் என்பார்கள். உண்மைதான்; எல்லாருக்கும் சொந்தமானது யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதனால்தான் மெஷினைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்கிறோம். நம் ஊரில் வேலை தெரிந்த ஓர் எலக்ட்ரீஷியனையோ கொத்தனாரையோ சங்கம் பேசி வைக்கட்டும். மெஷின் அவரோடுதான் போகும், அவரோடுதான் திரும்பும். எந்தக் கடையில் எத்தனை துளை, எந்த அளவு, தரை என்ன தரை என்று ஒரு நோட்டில் அவர் எழுதட்டும். சில ஆண்டுகளில் அந்த நோட்டே நம் கடைத்தெருத் தரைகளின் பதிவேடாகிவிடும்.

துளை போட்டுப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவர்களில் நல்ல கருவி வைத்திருப்பவர்களைச் சங்கம் அடையாளம் கண்டு உறுப்பினர்களுக்குச் சொல்லட்டும். கருவி இல்லாதவர் சங்கக் கருவியைக் கொண்டு நம் கடைகளில் வேலை செய்யட்டும். பிழைப்பும் கெடாது, ரேக்கும் சாயாது.

அப்படியும் ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இதற்கும் பதில் வேண்டும். வேலை முடிந்ததும் உறுப்பினர் முன்னிலையில் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானரால் இறுக்கிக் காட்டி, நோட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று விதி வைத்துவிட்டால் போதும். இறுகாத போல்ட் அன்றைக்கே தெரிந்துவிடும். மறுநாள் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

செல்வம், சாதனம், நேரம், செய்யும் காரியம், அதைச் செய்யும் இடம் ஆகிய ஐந்தையும் ஐயமில்லாமல் ஆராய்ந்த பிறகே செயலில் இறங்க வேண்டும் என்பது வள்ளுவர் வாக்கு. நாம் பணத்தை மட்டும் ஆராய்கிறோம். மற்ற நான்கையும் துளை போட வந்தவரிடம் விட்டுவிடுகிறோம்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த யோசனையை வைக்கவிருக்கிறோம். உறுப்பினர்கள் வந்து ஆதரித்தாலும் சரி, எதிர்த்தாலும் சரி, பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மே 5 வணிகர் தினத்துக்குள் அந்தப் பெட்டி சங்க அலுவலகத்துக்கு வந்துவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் எல்லாருடைய சாய்ப்புகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். இன்று கடை அடைக்கும் முன், உங்கள் ரேக்கின் மேல் சட்டத்தை மெல்லப் பிடித்து முன்னும் பின்னும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். பின் காலில் உள்ள நட்டு தரையை விட்டு இம்மியளவு எழும்பினாலும், நாளைக்கு உங்கள் உதவியாளரை அதில் ஏறவிடாதீர்கள். மேல் தட்டுச் சரக்கைக் கீழே இறக்கி வைத்துவிடுங்கள். அந்தப் பையனை நம்பி அவன் தாய் நம்மிடம் அனுப்பி வைத்திருக்கிறாள்.